மிதிக்காத நிழல்

பின்னால் வந்துகொண்டிருந்த திம்மப்பனின் நிழல் பெடலை மிதிக்கவில்லை என்பதைக் கங்கப்பன் பாதி ஏற்றத்தில்தான் கவனித்தான்.

மேற்கே சாய்ந்த வெயில் முதுகைச் சுட்டது. அவனுடைய நிழல் முன்சக்கரத்தைத் தாண்டி, சூளகிரிச் சாலையின் செம்மண் புழுதியில் நீளமாக விழுந்து, முழங்கால்கள் ஏறி இறங்கப் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு நிழல். தலை இருந்தது, தோள் இருந்தது. கால்கள் சும்மா தொங்கின.

இருவருக்கும் பெங்களூரில் ஒரே மில்லில் வேலை. கிருஷ்ணகிரிப் பக்கம் கட்டுகிற புது அணையைச் சைக்கிளிலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று லீவு போட்டு, விடிவதற்குள் கிளம்பியவர்கள். ஓசூரைத் தாண்டியதும் திம்மப்பனின் டயர் பஞ்சரானது. "நீ மெதுவாப் போயிட்டே இரு கங்கா, ஒட்டிட்டு வந்து புடிச்சுக்கறேன்" என்றான். கங்கப்பனும் மெதுவாகத்தான் வந்தான். வழியில் ஒரு புளியந்தோப்புக்குள் துண்டை விரித்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தான். எழுந்து மறுபடி சாலைக்கு வந்து சற்று தூரம் மிதித்ததும் அந்த நிழல் பக்கத்தில் விழுந்தது. வந்துவிட்டான் என்று நிம்மதியாக இருந்தது.

ஏற்றத்தில் மிதிக்காமல் எப்படி வருவான்?

"என்னப்பா, பேச்சையே காணோம்?"

 அறுவடை முடிந்த கேழ்வரகுக் கொல்லைகளின் மேல் காற்று காய்ந்த தாளை உரசிக்கொண்டு போனது. எங்கோ ஒரு கௌதாரி கத்தி அடங்கியது. அப்போதுதான் அவன் காதில் உறைத்தது. ஒரே ஒரு செயின்தான் கிறீச்சிட்டது. அவனுடையது.

திரும்பிப் பார்த்தான். சாலை வெறுமையாக, அடிவானம் வரைக்கும் கிடந்தது. புழுதியில் ஒரே ஒரு டயரின் தடம்.

முன்னால் பார்த்தான். நிழல் இப்போது நெருங்கியிருந்தது. அவன் பார்க்கப் பார்க்கவே அது அவன் நிழலோடு ஒட்டி, உள்ளே போய்விட்டது.

சைக்கிள் கனத்தது.

கேரியரின் கம்பி மெல்ல முனகியது. நாள்பட்ட ஈரத்துணியின் நாற்றம் பிடரியில் வந்து மோதியது. இனித் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. எழுந்து நின்று மிதித்தான். ஏற்றம் முடிந்தது. எதிரே, சாலையோரம், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான். கையை ஆட்டினான்.

திம்மப்பன்.

"பஞ்சரு ஒட்டறதுக்கு ஆகலப்பா. ஒரு லாரிக்காரரு ஏத்திட்டு வந்து இங்க எறக்கி விட்டாரு. வழியெல்லாம் உன்னையத்தான் பாத்துட்டு வந்தேன், எங்க போயிட்ட?"

கங்கப்பன் மிதித்துக்கொண்டே வந்தான். அவன் நெருங்க நெருங்கத் திம்மப்பனின் சிரிப்பு குறைந்தது. ஆட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"கங்கா. பின்னால உக்காந்திருக்கறது யாரு?"

பிரேக்கை அழுத்தினான். சக்கரம் நிற்கவில்லை.

"எறங்கிடு" என்றான் திம்மப்பன்.  "குதிச்சுடுடா."

கால் பெடலை விட்டு வரவில்லை. இழுத்துப் பார்த்தான். வரவில்லை. இரண்டு பக்கமும் இரண்டு கைகள் முன்னால் நீண்டு வந்தன. ஊறி வெளுத்த தோல். நகமில்லாத விரல்கள். அவை அவனுடைய கைகளின் மேல் அமர்ந்தன. குளிர்ச்சி. பிறகு, ஓர் அவசரமும் இல்லாமல், ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பின.

சாலை போனது. வரப்பு போனது. கொல்லை நடுவில், கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு கிணறு.

பெடல்கள் சுற்றின. அவன் மிதிக்கவில்லை. கால்கள் கூடவே போயின.

பின்னால் திம்மப்பன் ஓடிவருவது கேட்டது. பிறகு அந்த ஓட்டம் நின்றுவிட்டது.

முன்சக்கரத்தின் கீழே மண் முடிந்தது. ஈர முடி கன்னத்தில் பட்டது. தூக்கம் வந்த குழந்தை சாய்வதுபோல, ஒரு முகவாய் அவன் தோளில் மெல்லச் சாய்ந்தது.