சுவருக்குக் கேட்ட அம்பா

வெள்ளாங்குடாவின் சுவர் அந்த வாரமும் இரண்டு முழம் வளர்ந்திருந்தது. கரைவலை முதலாளி சவிரியான் சம்மாட்டி வள்ளத்தில் போய்க் கயிறு போட்டு அளந்துவிட்டு வந்து, மீன்வாடியில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"வாய் இனி நாப்பது முழந்தான். கிறிஸ்மசுக்கு முந்தி அடைபட்டிடும்."

வாய் என்பது மாதா கோவிலுக்கு நேரே சுவரில் விட்டிருந்த இடைவெளி. அதுவழியாகத்தான் அவருடைய வள்ளம் வெளியே போய்க் கரைவலையை வளைக்கும். வாய் அடைபட்டால் வலை இல்லை. வலை இல்லாவிட்டால் நாற்பது குடும்பத்துக்கு அடுப்பு இல்லை.

இந்தச் சுவரைக் கொத்தனார் யாரும் கட்டவில்லை. கடலடியில் விதைத்த சுவர்ப்பூச்சி கட்டுகிறது. அதற்குக் கண் கிடையாது, காது மட்டும் உண்டு. எங்கே அடி விழுகிறதோ அங்கே கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சிக் கட்டும். கடல் ஏறி வந்து மாதா கோவில் படி மூன்றைத் தின்ற பிறகுதான் அரசாங்கம் இந்தப் பூச்சியை வெளிநாட்டில் வாங்கியது. வாங்கக் காசில்லை. அதற்குப் பதிலாகச் சுவருக்கு அரை மைல் அப்பால் உள்ள கடலை முப்பது வருசத்துக்கு வெளிநாட்டுக் கப்பல்களுக்கு எழுதிக் கொடுத்தது. எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவராவது வலை இழுத்தவர் இல்லை.

ஆனாலும் பொய் சொல்லக்கூடாது. சுவர் வந்த பிறகு நாலாவது படி தப்பியது. கிணறுகளும் உவர்க்கவில்லை.

சுவர்த் திணைக்களத்துப் பொறியாளர் யோகமலர் அடுத்த நாள் வந்தாள். ஈரமணலில் அதிர்வுமானியைக் குத்தி வைத்துப் பார்த்தாள்.

"வாயில அலை மட்டும் அடிக்கேல்ல ஐயா. வேற ஏதோ அடிக்குது. நிமிசத்துக்கு இருபத்தாறு அடி, ஒழுங்கா."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். கோவிலுக்கு முன்னால் நாற்பது பேர் இரண்டு கயிற்றில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கால் எல்லாம் ஒன்றாக விழுவதற்காக அம்பாப் பாட்டுப் பாடுவார்கள். ஒவ்வொரு "ஏலோ"வுக்கும் நாற்பது குதிகால் மணலில் இறங்கியது. அவள் எண்ணிப் பார்த்தாள். இருபத்தாறு.

"சுவர் உங்கட அம்பாவைக் கேட்டுக் கட்டுது."

வள்ளத்தில் சுக்கான் பிடிக்கும் பிலுப்பையா வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்கட பொஞ்சாதிமாரே நாங்கள் சொல்லிக் கேக்கிறேல்ல. பூச்சி கேக்குதாம்!"

பாடாமல், கால் சேராமல் இழுத்துப் பார்க்கச் சொன்னாள். இழுத்தார்கள். ஒரு கயிறு முந்தியது, மற்றது பிந்தியது. வலை முறுகி அடிவிளிம்பு தூக்கிக்கொண்டது. வந்த சூடை மீன் முழுவதும் அதற்குக் கீழே போய்விட்டது. உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம்.

"பிள்ளை, நீர் மூச்சுப் பிடிச்சுக்கொண்டு ஓடுவீரோ? இதுவும் அப்பிடித்தான்," என்றார் சவிரியான்.

பிறகு தலையைச் சொறிந்தார். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றாலும் ஆள் விசயகாரன்.

"காது இருக்கிற சீவனை ஏமாத்தலாம். கோவிலடியில இழுக்க வாயில கட்டுது. தெற்கால போய் இழுத்தால்?"

முந்நூறு அடி தெற்கே போய், கயிற்றை வாய்வழியே சாய்வாக விட்டு இழுத்தார்கள். ஆறு வாரத்தில் தெற்குச் சுவர் எருமை மாதிரிக் கொழுத்தது. வாய் நாற்பது முழத்திலேயே நின்றது. பூச்சி பெரிய அடியின் பக்கந்தான் போகும் என்று யோகமலர் எழுதி அனுப்பினாள்.

திணைக்களம் சும்மா இருக்குமா? சுவர் வளராத கரைகளில் சம்மட்டி இயந்திரம் வைத்து அடித்தது. இரண்டு நாளில் பூச்சிக்கு அது சலித்துவிட்டது. இயந்திரம் ஒரே மாதிரி அடிக்கும். மனிசர் களைப்பார்கள், இருமுவார்கள், ஒரு அடி பிந்தும். அலையும் அப்படித்தான். பூச்சி அதற்குத்தான் மசிந்தது.

அந்த நேரத்தில்தான் கள்ளிமுனையிலிருந்து சவிரியானின் தங்கச்சி எமிலியா போனில் கூப்பிட்டாள்.

"அண்ணை, சேமக்காலையைக் கடல் அறுக்குது. இஞ்சத்தைச் சுவர் எழும்பவே இல்லை. இனி அம்மாவின்ர குழி இருக்கிற வரிசைதான். நீங்கள் வந்து மிதியுங்கோவன்."

சவிரியான் யோகமலரிடம் போனார். "நாங்கள் போனால் இஞ்ச ஆர் மிதிக்கிறது?"

"மூண்டு மாசத்துக்கு ஒண்டும் ஆகாது ஐயா. கணக்குப் போட்டுப் பாத்திட்டன்."

கணக்குப் போட்டேன் என்று சொன்ன எவரையும் சவிரியான் அதுவரை நம்பியதில்லை. அன்றைக்குத் தங்கச்சியின் அழுகை காதில் இருந்தது. நம்பினார்.

கள்ளிமுனையில் வலையில்லாத வெறுங்கயிற்றைப் பனங்குற்றியில் கட்டி நாற்பது பேரும் இழுத்தார்கள்.

"தாத்தா, குற்றி கிட்ட வந்திட்டுதோ?" என்று கேட்டுப் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். ஆறாம் நாள் சுவர் தண்ணீருக்கு மேலே தலை காட்டியது. அம்மாவின் குழி தப்பியது.

கயிற்றைச் சுருட்ட முன்னரே அடுத்த ஊர்ச் சுவாமியார் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொரு ஊர். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கிணறு, ஒரு பள்ளிக்கூடம், யாரோ ஒருத்தியின் தாய். எந்த வாயால் மாட்டேன் என்பது? பன்னிரண்டு ஊர் மிதித்தார்கள். மூன்று மாதத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வெள்ளாங்குடாவுக்குத் திரும்பினார்கள்.

வாய் இல்லை.

வாடைக்காற்று அந்த வருசம் முந்தி வந்து கடலைக் கிளப்பிவிட்டது. தெற்கே மிதிக்க ஆள் இல்லாததால், பூச்சிக்குக் கேட்ட ஒரே சத்தம் வாய்வழியாக நுழைந்த அலைதான். போய் அங்கேயே கட்டிவிட்டது. உள்ளே தண்ணீர் குளம் மாதிரிக் கிடந்தது. கோவில் படிக்கு இனி ஒரு பயமும் இல்லை.

யோகமலர் சுவரடியில் நின்றாள். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் இரும்பு அலவாங்கு.

சவிரியான் ஏசத்தான் போனார். கையைப் பார்த்ததும் ஏச்சு வரவில்லை.

"உடைச்சுப் பாத்தனீரோ?"

"எட்டு நாளா, ஐயா. அடிக்க அடிக்க வளருது." துணி சுற்றிய கையால் கண்ணைத் துடைத்தாள். "என்ர கணக்குப் பிழைச்சுப் போச்சு."

"சரி, அழாதையும். நீர் மட்டுமே பிழை விட்டனீர்? போய்க் கைக்கு மருந்து போடும்."

அடுத்த கிழமை, பன்னிரண்டு ஊரைக் காத்ததற்கு நன்றி என்று அரசாங்கம் தகரத்தில் அடைத்த ரின்மீனைப் பெட்டி பெட்டியாக அனுப்பியது. சவிரியானின் மனைவி றோசலின் ஒன்றை வெட்டி, வெங்காயம் போட்டுக் கறி வைத்தாள். வெறும் ரின்னைப் பிலுப்பையா கையிலெடுத்து, அடியில் இருந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தார்.

"மீன்... சூடை. பிடித்த இடம்... வெள்ளாங்குடாக் கடல்."

சவிரியான் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார்.

"குடாவுக்குள்ள வரவேண்டிய மீன்தானே, தின்னுங்கோ," என்றாள் றோசலின்.

சவிரியான் ஒரு வாய் வைத்தார். கறி நன்றாகத்தான் இருந்தது. அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை.