மச்சான் பிடிக்கும் கயிறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் ஒரு சனிக்கிழமை மாலை, ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாறையடியில் நானும் மரியநாயகமும் கூடாரம் அடித்தோம். எங்களிடம் நான்கு இறாத்தல் பாண் ரொட்டியும், மலையேறுவது எப்படி என்ற ஆங்கிலப் புத்தகமும் இருந்தன. புத்தகம் கல்லூரிப் பாதிரியாருடையது. கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம்.

மரியநாயகம் தன்னைத் தலைவனாக நியமித்துக்கொண்டான். மீதி இருந்தது நான் ஒருவன்தான். ஆகவே போட்டி கடுமையாக இல்லை.

ஞாயிறு காலை, புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயம் வரை பாறையில் ஏறினோம். மூன்றாம் அத்தியாயம் பயமாக இருந்ததால் இறங்கி, பின்பக்கத்து ஒற்றையடிப் பாதையில் நடந்தே உச்சியை அடைந்தோம்.

மூடுபனிக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். குதிகாலைக் கல்லில் ஊன்றி, இரு கையாலும் ஒரு கொடிக்கயிற்றைப் பிடித்திருந்தாள். கயிறு விறைத்து, பாறை விளிம்பைத் தாண்டிக் கீழே போனது.

"கீழ யாரும்மா?" என்றேன்.

"எம் புருசன். தேன் எடுக்கப் போயிருக்காரு."

"எப்பப் போனாரு?"

"எம்பத்தெட்டாம் வருசத்துல."

மரியநாயகம் சிரித்தபடி விளிம்புக்குத் தவழ்ந்து எட்டிப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"டேய், நாலு முழந்தான் தொங்குது. நுனியில ஒண்ணுமே இல்ல."

அவள் பெயர் பெரியாயி. கீழே தோட்டத் தொழிலாளர் லயத்து அறையொன்றில் தனியாக இருக்கிறாளாம்.

"எங்க சனத்துல தேனுக்கு எறங்கினா மச்சான்தான் கயிறு புடிக்கணும். கூடப் பொறந்தவ தாலிய அவன் அறுக்க மாட்டான்ல? சொந்த அண்ணந் தம்பியக்கூட நம்ப மாட்டாங்க. அன்னிக்குன்னு பாத்து ஞாயித்துக்கெழமையும் வேலைன்னு பேரெடுக்கப் பெரட்டுக்குக் கூப்பிட்டாங்க. எங்கண்ணன் போயிருச்சு. நானே புடிச்சேன்."

கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"விட்டுட்டேன். அண்ணனும் அந்த வருசமே காலராவுல போயிருச்சு. ஞாயித்துக்கெழம வந்து கயித்தப் போட்டா அவரு தொங்குறாரு. தாங்க முடியுது, இழுக்க முடியல. மச்சான் இழுத்தாத்தான் வருவாரு போல."

பிறகு என்னைப் பார்த்தாள்.

"தம்பி, ஒரே ஒருக்கா என்னைய அக்கான்னு சொல்லிட்டு, இதப் புடிக்கிறீங்களா?"

எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. வேடிக்கையாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன்.

"அக்கா" என்றுதான் வந்தது.

கயிறு என் கைக்கு மாறியது.

கனத்தது. ஒரு முழு ஆளின் கனம்.

இழுத்தேன். ஒரு முழம் வந்தது. பந்தப் புகையும் தேனும் கலந்த வாசனை மேலே ஏறியது. பெரியாயி விளிம்பருகே போய் நின்று, நரைத்த முடியை ஒதுக்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

இன்னொரு முழம்.

கல்லின்மேல் நான்கு விரல்கள் தெரிந்தன.

"மச்சான், இன்னும் கொஞ்சம்" என்றது ஓர் இளங்குரல்.

நான் கயிற்றை விட்டுவிட்டேன்.

விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

பெரியாயி அழவில்லை. திரும்பி வந்து என் கைகளை விரித்துப் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது.

"பரவால்ல தம்பி" என்று முதுகைத் தட்டினாள். "எனக்கும் இப்பிடித்தான் ஆச்சு."

நாங்கள் கூடாரத்தைக்கூட எடுக்காமல் ஓடினோம். ஹல்துமுல்லை வரும்வரை தலைவன் மரியநாயகம்தான் முன்னால் ஓடினான்.

அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன். இந்த முறை விடுவதில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன். லயத்தில் விசாரித்தபோது, பெரியாயியைப் புதன்கிழமை அடக்கம் பண்ணிவிட்டதாகச் சொன்னார்கள்.

இருந்தும் மேலே ஏறினேன்.

பாறையில் யாரும் இல்லை. யாரும் பிடிக்காமலே கயிறு விறைத்து நின்றது.

குதிகாலை ஊன்றிப் பிடித்துக்கொண்டேன்.

"மச்சான்" என்றது கீழிருந்து. "அவ எங்க?"

நான் கயிற்றை விடவில்லை. இழுக்கவும் முடியவில்லை.