குழாய் ஒன்றுதான் இருந்தது

நான் அந்த இழுப்பறையைத் திறந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எதையும் கெடுத்தது நான் இல்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி வேன் வரவில்லை. அப்பாவுக்கு செகந்திராபாத் ஸ்டேஷனில் டியூட்டி. அம்மாதான் ஆட்டோவில் ஓடிவந்து என்னை ஏற்றிக்கொண்டு, மறுபடியும் தார்நாகாவில் இருக்கும் தன் ஆராய்ச்சிக்கூடத்துக்கே ஓடினாள்.

அங்கே என் சமூக அறிவியல் புத்தகத்தின் அட்டை கிழிந்துவிட்டது. செலோடேப் தேடி ஓர் இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே நீலத் தாங்கியில் ஒரே ஒரு குட்டிக் குழாய். மூடும்போதுதான் வெளியே ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தேன்: ‘திறக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும்.’

அப்போதே அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். பயமாக இருந்தது. சொல்லவில்லை. ஆனால் அங்கே ஆராய்ச்சி மாணவராக இருக்கும் உமாசங்கர் அங்கிள் பார்த்துவிட்டார்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அம்மாவுக்கு இல்லை. எனவே நானும் போனேன். அம்மா, உமாசங்கர் அங்கிள், தலைவரான சாருலதா மேடம் மூவரும் மைக்ரோஸ்கோப் படம் தெரியும் திரையின் முன் நின்றார்கள்.

திரையில் ஒரு மீன் வாலின் மெல்லிய துண்டு. வாலை வெட்டினால் அந்த மீனுக்கு மறுபடி வளரும். வளரும் ஓரம் மட்டும் ஒளிர வேண்டும். ஆனால் படம் முழுவதும் ரவையைக் கொட்டியதுபோலப் புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தது.

“இருபது நாள் வேலை,” என்றார் மேடம். “இன்னும் ஒரு பெட்டி துண்டுதான் மிச்சம். என்ன ஆச்சு?”

உமாசங்கர் அங்கிள் என்னைப் பார்த்தார். அவர் தெலுங்குக்காரர். சென்னையில் படித்ததால் தமிழும் நன்றாகவே வரும். “மேடம், நேத்து இந்தப் பொண்ணு டிராயரைத் திறந்தா. நான் பார்த்தேன்.”

“மன்னிச்சுக்குங்க மேடம்,” என்றாள் அம்மா. “சின்னப் பொண்ணு, தெரியாமப் பண்ணிட்டா. இனிமே கூட்டிட்டு வரமாட்டேன்.”

என் பக்கம் திரும்பி, “திறந்தியா?” என்றுகூடக் கேட்கவில்லை. கேட்காமலேயே எனக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டாள்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. காது சுட்டது. வெளியே போய் நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

அம்மா ஒரு மாநாட்டில் பேச வேண்டியதை எங்கள் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பதினோரு தடவை ஒத்திகை பார்த்தாள். நான்காவது தடவையிலேயே அப்பா தூங்கிவிட்டார். பதினொன்றையும் கேட்டது நான்தான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும்.

உடம்பில் எந்த ஜீன் வேலை செய்கிறதோ, அது செல்லுக்குள் சின்னச் சின்னச் செய்திகளை அனுப்பும். அவை கண்ணுக்குத் தெரியாது. அம்மா முதலில் ஒரு தேடும் துணுக்கை அனுப்புவாள். சரியான செய்தி கிடைத்தால் மட்டும் அது ஒட்டிக்கொள்ளும். அடுத்து, கொண்டை ஊசிபோல மடங்கிய டி.என்.ஏ. துண்டுகளை ஊற்றுவாள். அதில் இரண்டு வகை. இரண்டிலும் ஒளிரும் நிறம் உண்டு. ஒட்டிய துணுக்கு முதல் வகையைத் திறக்கும். அது இரண்டாம் வகையைத் திறக்கும். அது மறுபடி முதல் வகையை. ரயில் பெட்டிகள்போல அவை தாமாகவே கோத்துக்கொண்டு போகும். தொடர் நீள நீள வெளிச்சம் கூடும். செய்தி இருக்கும் இடம் பளிச்சென்று தெரியும்.

வெளிச்சம் கூடும்.

நான் நிமிர்ந்தேன். இழுப்பறையில் என்ன எழுதியிருந்தது? வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும். மங்க வேண்டிய படம் எப்படி இவ்வளவு ஒளிரும்?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

“நான் திறந்தேன். ஹவ், திறந்தேன். ஆனா வெளிச்சம் பட்டா மங்கத்தானே செய்யும்? இது எல்லா இடத்துலயும் மின்னுதே, அது எப்படி?” எங்கள் ஊரில் ‘ஹவ்’ என்றால் ‘ஆமாம்’.

“பெரியவங்க பேசறப்ப நடுவுல வராதேம்மா,” என்றார் உமாசங்கர் அங்கிள். அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. ‘சிறுவர்கள் உள்ளே வரக்கூடாது’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார். ஒன்று அல்ல, நான்கு பிரதிகள்.

“இருங்க,” என்றார் மேடம். “கேள்வி சரிதானே? ஒப்பிட்டுப் பார்க்க, தேடும் துணுக்கு போடாத கண்ணாடித் தகடு ஒண்ணு இருக்குமே. அதைப் பார்த்தீங்களா?”

அங்கிள் தலையைச் சொறிந்தார். அந்தத் தகட்டை அதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை.

இப்போது பார்த்தார்கள். தேடும் துணுக்கே இல்லாத அந்தத் தகடு இருட்டாக இருந்திருக்க வேண்டும். அதிலும் அதே ரவை.

“அப்போ தப்பு ஊசித் துண்டுலதான்,” என்றார் மேடம். “செய்தியைத் தேடாமலே ஒண்ணோடொண்ணு கோத்துக்கிட்டு எல்லா இடத்துலயும் ஒட்டியிருக்கு. ஏன்?”

அப்போதுதான் இழுப்பறையில் பார்த்த நீலத் தாங்கி என் கண்முன் வந்தது. ஊற்றுவதற்கு முன் இரண்டு வகைகளையும் தனித்தனிக் குழாயில் சுடவைத்து, அந்த இழுப்பறை இருட்டில் ஆறவிட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொன்றும் தனியாக மடங்கும். ஆறிய பிறகே கலக்க வேண்டும். சேர்த்துச் சுடவைத்தால் அப்போதே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஒத்திகையில் அம்மா இங்கே இரண்டு விரல்களைக் காட்டுவாள்.

இப்போது சத்தமாகச் சொல்லலாம். எல்லோரும் இருந்தார்கள். அம்மாவும் என்னை எல்லோர் முன்னாலும்தானே சொன்னாள். வாய்வரை வந்துவிட்டது.

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். துப்பட்டாவில் நேற்றைய ஆட்டோ சீட்டின் அழுக்கு அப்படியே இருந்தது.

கிட்டே போய் அவள் காதில் மட்டும் சொன்னேன். “அம்மா, நான் திறந்தப்ப குழாய் ஒண்ணுதான் இருந்துச்சு.”

அம்மாவின் கை நின்றது.

உமாசங்கர் அங்கிள் கதவில் காகிதத்தை ஒட்டத் தொடங்கினார். செலோடேப் அவரிடம்தான் இருந்திருக்கிறது. ஒரு மூலை ஒட்டியாயிற்று. அம்மா இன்னும் பேசவில்லை. இரண்டாவது மூலை. இவள் பேசாவிட்டால் வாழ்நாள் முழுவதும் இவளிடம் பேசுவதில்லை என்று நான் முடிவு செய்தேன்.

“உமா, அதை எடுங்க,” என்றாள் அம்மா. “மேடம், தப்பு என்னோடது. ரெண்டையும் ஒரே குழாய்ல போட்டுச் சுடவெச்சுட்டேன். ஆறின பிறகு கலக்கணும், முன்னாடியே கலந்துட்டேன். ஸ்கூல்லேர்ந்து போன் வந்துது, அவசரத்துல...”

“ஓஹோ,” என்றேன். “அப்போ மறுபடியும் நான்தான் காரணமா?”

மேடம் சிரிப்பை அடக்க வாயில் கைவைத்தார். அம்மா சிரிக்கவில்லை. என் முன் குனிந்து, மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். “இல்ல. போனும் இல்ல, வேனும் இல்ல. நான்தான். உன்னை ஒரு வார்த்தை கேட்காம உன் மேல பழி போட விட்டேன். அதுவும் நான்தான். மன்னிச்சுக்கோ வேதா.”

“டிராயரைத் திறந்ததைச் சொல்லாதது என் தப்பு,” என்றேன். “அதுக்கு மட்டும் சாரி.”

உமாசங்கர் அங்கிளும், “சாரிம்மா” என்றார். மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மீன்களுக்கு என்ன புரிந்ததோ தெரியாது.

மிச்சமிருந்த பெட்டியிலிருந்து மேடம் நான்கு துண்டுகள் கொடுத்தார். அம்மா இரண்டு குழாய்களை எடுத்தாள். “எண்ணிக்கோ,” என்று என்னிடம் காட்டினாள். எண்ணினேன். இரண்டு.

மாலையில் பேருந்தில் அம்மா மெல்லக் கேட்டாள். “இன்னும் கோபமா?”

“ஹவ்.”

“எவ்ளோ நேரம் இருக்கும்?”

யோசித்தேன். “மெட்டுகுடா வர்ற வரைக்கும்.”

“சரி,” என்றாள் அம்மா. கெஞ்சவில்லை, சாக்லேட் வாங்கித் தருவதாகவும் சொல்லவில்லை. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

வழியில் சிக்னலில் பேருந்து வெகுநேரம் நின்றது. எல்லோரும் டிரைவரைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. எனக்கு அந்த நேரம் தேவைப்பட்டது.