இறக்கத்தில் நிற்காத குமிழ்வண்டி

செவ்வாய்க் கிரகத்தின் செம்புழுதி நகரத்துக்காரர்கள் காலையில் வண்டி எடுக்கும் முன் சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். வெளிக்குளிரில் பழம் கல்லாகிவிடும் என்பதால் அது நசுங்காது. கண்ணாடி மாதிரி பட்டென்று தெறிக்கும். அன்றைக்கு நாகரத்தினத்தின் பழம் தெறிக்கக்கூட இல்லை, ஓரமாக உருண்டு போய்விட்டது. அப்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. பழத்தின் மேல் இல்லை, மெக்கானிக் சவரிமுத்துவின் மேல்.

அவளுடையது இருபது வருஷத்துக் குமிழ்வண்டி; காற்றடைத்த குமிழுக்குச் சக்கரம் வைத்தது மாதிரி இருக்கும். இரண்டு பேர் உட்காரலாம், நெருக்கினால் மூன்று. செவ்வாயில் எல்லாவற்றுக்கும் எடை குறைவு, சக்கரத்தின் பிடியும் குறைவு. அதனால் பிரேக்கோடு ஒரு 'பழகுமூளை'யும் சேர்த்து வைத்திருந்தார்கள். ஓட்டுகிறவர் எப்போது, எப்படி நிறுத்துகிறார் என்று பார்த்துப் பார்த்து அது கற்றுக்கொள்ளும். காலால் பிரேக் மிதியைத் தொட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

மகள் பூங்கோதைக்கு நாள் நெருங்கிவிட்டது. வலி கண்டால் மருத்துவக் குமிழுக்கு அந்தப் பெரிய இறக்கத்தில்தான் போயாக வேண்டும். இறக்கத்தின் அடியில் சரக்கு ரோபோக்கள் குறுக்கே போகும் ஒரு சந்தி. அங்கேதான் வண்டி நிற்பேனா என்றது. நாகரத்தினம் நேரே சவரிமுத்துவிடம் போனாள்.

"புது பிரேக் பேடு போட்டேன்னியே, நிஜமாவே போட்டியா? இல்ல பழசையே துடைச்சு மாட்டிட்டியா?"

"அக்கா, டிஸ்க் புதுசு, பேடு புதுசு, பிரேக் ஆயில்கூட புதுசு. வேணும்னா கழட்டிக் காட்டவா?"

"நீ கழட்டும்போதுதானே எனக்கு பயமே!"

பழைய பேடில் அவள் ரகசியமாக நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். வீட்டில் குனிந்து பார்த்தபோது புள்ளியைக் காணோம்.

"அழிச்சுட்டான்டி, பாவி!"

"ஏம்மா, ஒளிஞ்சிருக்கற புள்ளியத் தேடி அழிக்கறதுக்கு அவரு பேடையே மாத்திட்டுப் போலாமே," என்றாள் பூங்கோதை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி.

நாகரத்தினம் சிரிக்கவில்லை. மறுநாள் சவரிமுத்துவையே பக்கத்தில் உட்காரவைத்து இறக்கத்தில் விட்டாள். சந்தியில் பாறை சுமந்த ரோபோ ஒன்று குறுக்கே வந்தது. அவள் ஹார்ன் அடித்தாள். அந்த மெல்லிய காற்றில் சத்தம் எடுபடாது; ஹார்ன் ரேடியோ அலையாகப் போய் மற்ற வண்டிகளுக்குள்ளும் ரோபோக்களின் காதிலும் அலறும். மறுபடி அடித்தாள். பிறகுதான் மிதியை மிதித்தாள். ரோபோவுக்கு ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது.

சவரிமுத்து நெஞ்சிலிருந்து கையை எடுத்தான். "அக்கா, முதல்ல கை எங்க போச்சு?"

"எங்க போகும்? ஹார்னுக்குத்தான்."

"கால்?"

"அவன் ஒதுங்கலைன்னா அப்புறம் பிரேக்கு. ஊரு உலகத்துல எல்லாரும் அப்படித்தானே?"

"இருபது வருஷமா இந்த மூளை உங்களையேதான் பாத்துட்டு இருக்கு. ஹார்ன் அடிச்சா எதிராளி நின்னுடுவான், நாம நிக்க வேணாம்னு கத்துக்கிச்சு. அதான் நீங்க மிதிச்ச பின்னாலயும் கொஞ்சம் பொறுத்துப் பாக்குது. பிரேக்குல ஒரு கோளாறும் இல்லக்கா."

அவளுக்குச் சுருக்கென்றது. தன் தப்பை மறைக்கக் கதை கட்டுகிறானோ? ஆனால் மகளின் வயிறு கண்முன் வந்தது. "சரி, அதை எடுத்துடு," என்றாள். அவன் பழைய நினைவட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆலையில் பாடம் ஏற்றிய புதியதைச் செருகினான்.

இரண்டு நாள் கழித்து வலி வந்தது. இறக்கத்தின் அடியில் அதே சந்தி, அதே மாதிரி ஒரு ரோபோ. நாகரத்தினம் மிதியை லேசாகத்தான் தொட்டாள். ஆணி அடித்தாற்போல் நின்றது வண்டி.

"பாத்தியாடி!" என்று அவள் திரும்புவதற்குள் வண்டிக்குள் ஒரு ஹார்ன் திரும்பத் திரும்ப அலறியது. உடனே பின்னாலிருந்து டம் என்று ஓர் இடி.

"ஐயோ, பூங்கோதை!"

"ஒண்ணுமில்லம்மா... உதைக்குது. நல்லா உதைக்குது. நீ போ."

ஒலிபெருக்கியில் பின்வண்டிக்காரன் கத்தினான்: "ஏம்மா, அத்தனை தடவை ஹார்ன் அடிச்சேனே, காதுல விழல? இறக்கத்துல யாராவது இப்படி நிறுத்துவாங்களா?"

அவனுக்குப் பின்னால் இன்னொரு ஹார்ன், இன்னொரு டம். அதற்கும் பின்னால் இன்னொன்று. எல்லாம் புது வண்டிகள். எல்லாவற்றிலும் புது பிரேக். ஆனால் எல்லார் கையும் முதலில் ஹார்னுக்குத்தான் போயிருந்தது.

சாயங்காலம் பேரன் பிறந்தான். அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு நாகரத்தினம் சவரிமுத்துவைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பழைய அட்டையத் தூக்கிப் போட்டுட்டியா?"

"வெச்சிருக்கேன்க்கா."

"எதுக்கு வெச்சிருக்க?" சந்தேகம் அவளை விடவில்லை.

"மாத்தினவங்க எல்லாருமே ஒரு வாரத்துல திரும்பி வந்து கேப்பாங்கக்கா. ஏன், வண்டி நிக்கலையா?"

"நிக்குதுப்பா, அதான் பிரச்சினையே. நீ பழசையே மாட்டிடு. அப்படியே ஹார்னையும் கொஞ்சம் பெருசா போடு. பச்சக்குழந்தைய கூட்டிட்டு வரணும், பத்திரமா வரணும்ல?"