முப்பத்தாறு ட்யூப் தண்ணீர்

மாடிப்படி ஏறி வந்த பேராசிரியர் கையிலிருந்த தெர்மோகோல் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார். அறுபதை நெருங்கும் பெண்மணி. பல நாள் தூக்கம் பாக்கி இருப்பது முகத்தில் தெரிந்தது.

எதிரே இருந்தவருக்கும் களைப்புக்குக் குறைவில்லை. மருந்துத் தரப் பரிசோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். நிறுவனங்களுக்குள் வெளியே சொல்ல முடியாத குழப்பம் வந்தால் விசாரித்துக் கொடுக்கிறார். கூடவே இருக்கும் நாத்தனார் எல்லோர் முன்னாலும் "அண்ணி, அண்ணி" என்று உரக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வருகிறவர்களுக்கும் அவர் அண்ணி ஆகிவிட்டார். மறுத்துச் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

பேராசிரியர் பெட்டியைத் திறந்தார். ஐஸுக்கு நடுவே சுண்டுவிரல் நுனி அளவில் பிளாஸ்டிக் ட்யூப்கள்.

"முப்பத்தாறு இருக்கு. எல்லாத்துலயும் புரதம் இருக்கணும். தண்ணிதான் இருக்கு."

நாத்தனார் நோட்டைப் பிரித்தாள். "என்ன புரதம்ங்க?"

"நாங்க ஸ்டெம் செல்லை நியூரானா மாத்தறோம்மா. எந்த செல்லா ஆகறதுன்னு அதுக்குத் தானாத் தெரியாது. உடம்புக்குள்ள பக்கத்துல இருக்கற செல்லுங்க புரதத்தை அனுப்பிச் சேதி சொல்லும். நீ இதுவா ஆகு, இப்போ நீளு, இப்போ நில்லுன்னு. செல் வளர்க்கற தட்டுல அந்தச் சேதியை நாங்கதான் சொல்லணும். அதுக்கு வேணுங்கற மனித மரபணுவை பாக்டீரியாவுக்குள்ள வச்சு, அதுகளை விட்டுப் புரதம் செய்யவச்சு, பொடியா விக்கறாங்க. வாங்கிக் கரைச்சுக்கறோம். கடைசியா சொல்ற சேதி, சாகாம இரு. அது கிடைக்கலைன்னா பிறந்த நியூரான் பத்து நாள் தாங்காது."

"தாய்ப்பால் மாதிரி."

"இல்ல. சாப்பாடு வேற, இது வெறும் பேச்சு. பேச்சு இல்லாமத்தான் சாகுது." பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "ஒன்பது வாரமா தட்டுத் தட்டாச் சாகுது. போன வாரம் இந்த ட்யூப்களையே பரிசோதிச்சோம். அளவு சரியா இருக்கு, மூடி சரியா இருக்கு, உள்ளே புரதம் மட்டும் இல்ல. கரைச்சு ஊத்தறதும் ஒருத்தர்தான், குளிர்பெட்டிச் சாவியும் அவங்ககிட்டதான். சாவியக்கான்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. பதினாலு வருஷமா என்கூட இருக்காங்க. பொடியைக் கொட்டிட்டு, பயந்துபோய் வெறும் தண்ணியை ஊத்தி வச்சுட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. வியாழக்கிழமை கமிட்டி. அவங்களை வேலையை விட்டு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை யார்கிட்டயாவது கேட்டுடணும்னு தோணுச்சு."

அன்று செவ்வாய்க்கிழமை. அண்ணி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சரி. போய்ப் பார்ப்போம்."

ஆய்வுக்கூடம் நீளமான ஒற்றை அறை. இரண்டு பக்கமும் மேசைகள். கோடியில் செல் வளர்க்கும் வெதுவெதுப்பான பெட்டிகள். மூலையில் துணி போர்த்திய ஒரு பெரிய நுண்ணோக்கி. அதன்மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் 'விளக்கு பழுது, தொடாதீர்கள்' என்ற வரிக்குக் கீழே இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி இருந்தது. நாத்தனார் அதையும் எழுதிக்கொண்டாள். கண்ணில் படுவதையெல்லாம் எழுதுவது அவள் வழக்கம்.

முதலில் ஆராய்ச்சி மாணவியோடு பேசினார்கள். பட்டத்துக்கு ஐந்தாவது வருடம். நான்கு முறை வளர்த்த நியூரான்கள் நான்கு முறையும் செத்திருந்தன.

"முதல்ல நல்லாத்தான் இருக்கும் மேடம். ஒண்ணோட ஒண்ணு கை நீட்டித் தொட்டுக்கும். ஒன்பதாவது நாள் பார்த்தா மணி மணியா உடைஞ்சு கிடக்கும்." அவள் குரலில் கோபம்கூட மிச்சமில்லை. "இன்னும் ஒரே ஒரு குடுவை செல் வச்சிருக்கேன். அதுக்கு நாளன்னைக்குள்ள சேதி கொடுக்கணும். இதுவும் போச்சுன்னா நான் வேற வேலை தேடிக்கறேன்."

"எல்லாருக்குமே சாகுதா?"

"முதல் மூணு வாரம் எல்லாருக்கும் செத்துச்சு. அப்புறம் கைராசிக்கு மட்டும் பிழைக்குது."

கைராசி என்பது ஆய்வுக்கூடத்தின் துணைத்தலைவர். பேராசிரியருக்கு அடுத்த இடம்; அடுத்த மாதம் சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம் கிடைக்கப்போகிறது.

"அந்தப் பேர் எப்போ வந்துச்சு?"

"ஒரு ஆறு வாரமா அப்படித்தான் கூப்பிடறோம். அவர் தனக்கு வேண்டியதைத் தானே கரைச்சுக்கறார். சாவியக்கா கை படறதில்ல." சொல்லிவிட்டு மாணவி தலை குனிந்துகொண்டாள்.

நாத்தனார் அண்ணியின் முழங்கையைத் தொட்டாள். "முடிஞ்சுது அண்ணி. அந்தம்மா கை பட்டா தண்ணி, படலைன்னா புரதம். வேற என்ன வேணும்?"

"எழுதிக்கோ. இன்னும் முடியலை."

துணைத்தலைவர் மரியாதையான மனிதர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மேசையில் ஐஸ் கிண்ணத்துக்குள் ஒரு சின்ன புட்டி நின்றது.

"இது என்னங்க?"

"ஆல்புமின். ரத்தத்துல இருக்கற சாதாரணப் புரதம்தான். செல்லுக்குச் சாயம் ஏத்தறப்போ, சாயம் கண்ட இடத்துல ஒட்டாம இருக்கப் போடுவோம்."

"பொடி பழையபடி அதே பொடிதானே? எதுவும் மாறலையே?"

"எதுவும் மாறலைங்க. அதே கம்பெனி, அதே புரதம். சாவியக்கா மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வயசாகுது, கை தவறியிருக்கும். பெரிசு பண்ணாம விட்டுடலாம்னுதான் மேடம்கிட்ட சொன்னேன்." அவர் பேசும்போது அந்தப் புட்டியை ஐஸில் இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தார்.

சாவியக்காவை ஸ்டோர் அறையில் பார்த்தார்கள். ஒல்லியான பெண்மணி, இடுப்பில் சாவிக்கொத்து. அழுது முடித்து முகம் கழுவியிருந்தார். அலமாரியில் வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொன்றின்மேலும் முத்து முத்தாக எழுத்து.

"நான் கொட்டலைம்மா," என்றார். "கொட்டியிருந்தா கொட்டிட்டேன்னு சொல்லியிருப்பேன். பதினாலு வருஷத்துல ரெண்டு தடவை கொட்டியிருக்கேன். ரெண்டு தடவையும் அன்னைக்கே சொன்னேன்."

"எப்படிக் கரைப்பீங்க?"

"பொடின்னு பேர்தான், கண்ணுக்கே தெரியாது. சுத்தத் தண்ணி விட்டு, மெதுவா உருட்டி, ட்யூப் ட்யூபாப் பிரிச்சு உறைய வச்சுடுவேன். பதினாலு வருஷமா இதேதான்."

அண்ணி அலமாரியைப் பார்த்தார். "காலிப் புட்டி வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன். எதையும் போடமாட்டேன், அதுக்கே என்னைத் திட்டுவாங்க. காலி ட்யூப்களைக்கூட நேத்து துணைத்தலைவர் தூக்கிப் போடச் சொன்னார். மனசு வரலை."

பழைய புட்டியையும் புதிய புட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அண்ணி ஜன்னல் வெளிச்சத்தில் லேபிளைப் படித்தார். பெயர் ஒன்றுதான். எண்ணும் ஒன்றுதான். புதியதன் எண்ணுக்குப் பின்னால் மட்டும் இரண்டு எழுத்து கூடுதலாக இருந்தது.

"பெட்டியோட ஒரு தாள் வருமே?"

சாவியக்கா ஒரு ஃபைலை எடுத்தார். வந்த ஒவ்வொரு பெட்டியின் தாளும் தேதிவாரியாக இருந்தது. ஒன்பது வாரத்துக்கு முந்தைய இடத்தில் வெறும் வெள்ளைத்தாள். அதன் நடுவில் 'தாள் வரவில்லை' என்று எழுதியிருந்தது.

"அன்னைக்கு நான் லீவு. மகளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். துணைத்தலைவர்தான் பெட்டியை வாங்கி வச்சார். தாள் எங்கேன்னு கேட்டேன், இந்தத் தடவை வரலைன்னார்."

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நாத்தனார் நினைத்த நேரத்தில் பேசினார்.

"உங்க அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில இன்சுலின் ஏத்தினாங்களே. அந்த நர்ஸோட நீ சண்டை போட்டது ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? குழாய்ல மருந்தை விட்டுக் கீழே ஊத்தினா. வீணாக்கறியேன்னு கேட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"முதல்ல குழாய் குடிச்சுடுமாம். குழாயோட வயிறு நிறைஞ்ச பிறகுதான் மனுஷனுக்குக் கிடைக்குமாம்." நாத்தனார் நிறுத்தினாள். காரைக் கிளப்பப்போன கை அப்படியே நின்றது. "அண்ணி."

"ம். இன்சுலினும் ஒரு புரதம்தான். திரும்ப உள்ளே போகணும். அந்தப் பொண்ணுகிட்ட ஒரு பரிசோதனை பண்ணச் சொல்லணும். அதுக்கு நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஆகும்." பெருமூச்சோடு அவர் மறுபடி கார்க் கதவைத் திறந்தார்.

புதன்கிழமை மதியம் பேராசிரியர் அறையில் எல்லோரும் கூடினார்கள். மாணவி கொண்டுவந்த பிளாஸ்டிக் தட்டில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. புரதம் இருக்கும் குழி மஞ்சளாகும். இல்லாத குழி தெளிவாகவே இருக்கும்.

"முதல் வரிசை, சாவியக்கா ட்யூப்ல இருந்த தண்ணி," என்றார் அண்ணி. குழிகள் அநேகமாகத் தெளிவாக இருந்தன. "இரண்டாவது, அதே ட்யூப்களைக் காலி பண்ணிட்டு, சுவர்ல ஒட்டினதைக் கிளப்பற சோப்புத் தண்ணியால அலசி எடுத்தது."

இரண்டாவது வரிசை முழுவதும் மஞ்சள்.

"மூணாவது, நேத்து நாங்களே வெறும் தண்ணியை ஊத்தி உறையவச்ச ட்யூப்களை அதே மாதிரி அலசினது."

அதில் ஒரு குழியிலும் நிறமில்லை.

பேராசிரியர் தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரும் எதையும் எடுக்கலை, கொட்டலை," என்றார் அண்ணி. "இவ்வளவு கொஞ்சமான புரதம் வெறும் தண்ணியில தனியா இருந்தா, பிளாஸ்டிக் சுவர்ல போய் ஒட்டிக்கும். அதனாலதான் கம்பெனியே பொடியில ஆல்புமின் கலந்து அனுப்பும். சுவரை அது அடைச்சுக்கும், இது தண்ணியில நிக்கும். பதினாலு வருஷமா அப்படிப்பட்ட பொடிதான் வந்துச்சு. ஒன்பது வாரத்துக்கு முன்னாடி வந்தது ஆல்புமின் கலக்காதது. லேபிள்ல அந்த ரெண்டு எழுத்துக்கு அர்த்தம் அதுதான். கரைக்கறப்போ நீங்களே ஆல்புமின் சேருங்கன்னு தாள்ல போட்டிருக்கும். அந்தத் தாள் சாவியக்கா கைக்கு வரவே இல்ல."

நாத்தனாரால் பொறுக்க முடியவில்லை. "தாளை வாங்கினவர் இவர்," என்று துணைத்தலைவரைக் காட்டினாள்.

"அதுவே போதாது," என்றார் அண்ணி. "தாள் தவறிப்போகலாம். நான் யோசிச்சது வேற. முதல் மூணு வாரம் எல்லார் தட்டும் செத்துச்சு, இவருதும் சேர்த்து. நாலாவது வாரத்துல இவருது மட்டும் பிழைக்குது, அன்னைக்கிருந்து தானே கரைச்சுக்கறார். சாவியக்கா மேல சந்தேகம் வந்துதான் அப்படிப் பண்ணினார்னா அப்பவே சொல்லியிருக்கணும். ஆனா இந்தப் பேச்சு வந்ததே போன வாரம். சந்தேகம் இல்லாம ஏன் தனியாக் கரைக்கணும்? காரணம் தெரிஞ்சதாலதான். மேசையில ஆல்புமின் இருக்கு. சாயம் ஏத்தறதுக்குன்னு சொன்னார். சாயம் ஏத்தினதைப் பார்க்கற நுண்ணோக்கி ரெண்டு மாசமா துணி போர்த்திக் கிடக்கு. அப்புறம், காலி ட்யூப்களைத் தூக்கிப் போடச் சொன்னார். அது வெறும் தண்ணி இருந்த ட்யூப்னா, இருந்தா என்ன, போனா என்ன?"

துணைத்தலைவர் மறுப்பார் என்று நாத்தனார் பென்சிலைத் தயாராக வைத்திருந்தாள். அவர் மறுக்கவில்லை. நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தார்.

"என்னோட இன்னொரு பரிசோதனைக்கு ஆல்புமின் ஆகாது. அதனால அது கலக்காத பொடியை வரவழைச்சேன். எல்லாருக்கும் சொல்லணும்னு தோணலை. தாளை என் பையிலயே வச்சுட்டு மறந்துட்டேன். மூணு வாரம் கழிச்சுத்தான் படிச்சுப் பார்த்தேன். அதுக்குள்ள இந்தப் பொண்ணோட செல்லு முதல் தடவை போயிடுச்சு. அடுத்த வாரம் சொல்லலாம்னு நினைச்சேன். அடுத்த வாரம் வந்தப்போ, ஏன் போன வாரமே சொல்லலைன்னு கேப்பாங்களேன்னு இருந்துச்சு. அப்படியே நாள் போயிடுச்சு."

"அடுத்த மாசம் உனக்குத் தனி ஆய்வுக்கூடம்," என்றார் பேராசிரியர்.

"ஆமா."

"அக்கா பேரு அடிபட்டப்போ?"

துணைத்தலைவர் மாணவி பக்கம் திரும்பினார். மாணவி அவரைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்த மஞ்சள் குழிகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள், தன்னுடைய நான்கு தடவைகளும் அங்கேதான் ஒட்டிக்கிடந்தன என்பதுபோல.

சாவியக்கா இவ்வளவு நேரமும் கதவோரம் நின்றிருந்தார். இப்போது பேராசிரியரைத்தான் கேட்டார், துணைத்தலைவரை அல்ல.

"நான் தண்ணி ஊத்தி வச்சிருப்பேன்னு நீங்களும் நம்பினீங்களாம்மா?"

பேராசிரியர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வெளியாளைக் கூட்டிவந்ததே அவர்தான். அதைச் சாக்காகச் சொல்லியிருந்தால் எல்லோரும் ஏற்றிருப்பார்கள். ஆனால் அவர், "நம்பினேன்," என்றார்.

சாவியக்கா தலையாட்டினார். பிறகு மாணவியிடம் திரும்பி, "உன் குடுவையில செல்லு இன்னும் உயிரோடதானே இருக்கு? வா. ஒரு புட்டிப் பொடி மிச்சமிருக்கு. ஆல்புமின் போட்டுக் கரைச்சுத் தரேன்," என்றார்.

"நாளைக்கு கமிட்டி இருக்காது," என்றார் பேராசிரியர் அவசரமாக. "நான் பேசிடறேன். நீங்க நாளைக்கு வருவீங்க இல்ல?"

"நாளைக்கு வருவேன். குடுவையில பழைய தண்ணியை எடுத்துட்டுப் புதுசு மாத்தணும், அதுக்கு இந்தப் பொண்ணு ஒருத்தியால முடியாது." அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து பேராசிரியரின் மேசையில் வைத்தார். "பத்தாவது நாள் வரைக்கும் வருவேன். அதுக்கப்புறம் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."