கைக்குப் பழகின முகம்

பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையின் முகத்தைக் குனிந்து பார்த்த சம்பூர்ணத்துக்கு, மூக்குத்தண்டின் நடுவில் சின்னதாக ஒரு மேடு கண்ணில் பட்டது. நேற்று இது இருந்ததா? விரலால் தடவிப் பார்த்தாள். எலும்பு மாதிரிதான் இருந்தது. அவள் பிறந்த வீட்டில் யாருக்கும் இப்படி மூக்கு கிடையாது. புருஷன் மணவாளன் வீட்டிலோ அத்தனை பேருக்கும் சப்பை மூக்கு. கல்யாணத்தன்றைக்கே அவள் சித்திமார்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிள்ளையும் அப்பன் மூக்கோடுதான் பிறந்தான். இன்றைக்கு நாற்பத்திரண்டு நாள்.

சரி, குளிப்பாட்டுகிற குப்பாயி தினமும் நீவி விடுகிறாளே, அதில் எடுப்பாக வந்திருக்கிறது, நல்லதுதானே என்று எண்ணிக்கொண்டு பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டாள்.

எழுபத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மாசத்து அடைமழை. எளாவூர் செக்போஸ்ட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒற்றை அறை வாடகை வீடு. மணவாளனுக்கு அங்கே ரோட்டை மறிக்கிற கட்டையைத் தூக்கி இறக்குகிற வேலை. போனால் பொழுதன்னைக்கும் அங்கேதான். ரோட்டில் வரிசை கட்டி நிற்கிற லாரிகளின் உறுமலும், டீசல் வாடையும், கொடியில் காயாமல் தொங்கும் பீத்துணிகளின் நாற்றமும், ஈர விறகு கக்குகிற புகையும் ஒன்றாய்க் கலந்து நாள் முழுக்க அந்த அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. நாலு வயசு சந்திரகலாவைக் கட்டி மேய்க்க வேண்டும், உலை வைக்க வேண்டும், துணி அலச வேண்டும், நடுவில் இவன் அழுதால் தூக்க வேண்டும். அவளுக்கு இருப்பதும் ரெண்டு கைதானே. சந்திரகலா பிறந்தபோது சம்பூர்ணத்தின் அம்மா கூடவே இருந்து எல்லாம் பார்த்தாள். அந்த அம்மா போன வருஷம் ஆர்.கே.பேட்டையில் கண்ணை மூடிவிட்டாள். பச்சைப்பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட சம்பூர்ணத்துக்கு பயம். வீட்டுக்காரம்மா செங்கம்மாள்தான் குப்பாயியைக் கூட்டிவந்து விட்டாள். அன்றைக்குச் சாமியே படியேறி வந்த மாதிரி இருந்தது.

குப்பாயிக்கு ஐம்பது வயசு இருக்கும். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. காலையில் எட்டு மணிக்கு வந்தால், கொல்லையில் ஓலைத்தட்டி மறைப்புக்குள் மணையைப் போட்டு, புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, கால் இரண்டையும் நீட்டி, பிள்ளையை அதில் மல்லாத்திப் போட்டு, எண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்து, தலையை உருட்டி, நெற்றியை வழித்து, புருவத்தைக் கிள்ளி இழுத்து, மூக்கை நீவி, காதில் ஊதி, கையையும் காலையும் மாற்றி மாற்றி மடக்கி, சொம்பு சொம்பாக வெந்நீர் விட்டு, சாம்பிராணிப் புகை காட்டி, கன்னத்தில் மை வைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். பேச்சு ரொம்பக் கிடையாது.

அடுத்த வாரம், தூளியில் தூங்குகிற பிள்ளையின் நெற்றி ஒருபக்கம் உள்வாங்கி இருப்பதைச் சம்பூர்ணம் பார்த்தாள். அதற்கு ரெண்டு நாள் கழித்து உதடு. மேலுதடு தடித்துத் தொங்கியது. தேள், குளவி ஏதாவது கொட்டிவிட்டதா என்று தூளியை உதறினாள். ஒன்றுமில்லை.

மறுநாள் உலையை இறக்கி வைத்துவிட்டுத் தட்டிக்குப் பின்னால் நின்று குளிப்பாட்டுவதைக் கவனித்தாள். வெந்நீர் ஆவிக்குள் குப்பாயியின் கைகள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தன. ஆனால் அவள் பிள்ளையைப் பார்க்கவே இல்லை. கண் ரெண்டும் மழை வழிகிற மதில்மேல் நிலைகுத்தி இருக்க, கைகள் மட்டும் தனியாக, அவசரமே இல்லாமல், இருட்டில் சாவியைத் துழாவுகிற மாதிரி, அந்தச் சின்ன முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தன. எண்ணெய் வாசம் வரவேண்டிய இடத்தில் ஏரிச்சேற்று வாடை வந்தது. உலகத்தில் எந்தப் பிள்ளையும் தலைக்கு வெந்நீர் விட்டால் ஊரைக் கூட்டும். இவன் அழவில்லை. அசையாமல் கிடந்தான்.

அன்று சாயந்திரம் சம்பூர்ணம் மணவாளனிடம் சொன்னாள். அவன் பிள்ளையைத் தூக்கிச் சிம்னி வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மூணு மாசம் வரிக்கும் கொழந்த மூஞ்சி மாறிக்கினேதாம்மே இருக்கும். இத்த ஒரு பேஜாரா எடுத்துக்கினு வந்துட்ட."

"இது மாறுறது இல்லீங்க. வேற யாரோ மாதிரி ஆவுறான். ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சிருந்தா காட்டியிருப்பேன். நாந்தான் தலப்பாடா அடிச்சிக்கினேனே."

"வயசு ஒண்ணு முடியாம ஃபோட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்னு செங்கம்மா சொல்லல? ஊரு உலகத்துல எல்லாரும் அப்டித்தான வளக்குறாங்க. போ, சோத்தப் போடு."

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. காலையில் பார்த்தால் பிள்ளை தூங்குகிறது, ராத்திரி பார்த்தாலும் தூங்குகிறது. அவனுக்கு எந்த முகம் ஞாபகம் இருக்கும்? ஆனால் சந்திரகலாவுக்கு இருந்தது. அவள் தூளிப் பக்கமே போவதில்லை. ஆட்டிவிடச் சொன்னால் கதவு மூலையில் போய் ஒட்டிக்கொண்டாள்.

"இந்தத் தம்பி வாணாம்மா. மொதல்ல வந்துச்சே, அத்தக் கொண்டா."

சம்பூர்ணம் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். இந்த ஒரு சின்னதைத் தவிரத் தன்னை நம்ப ஆளில்லையே என்று அழுதாள்.

மழை கொஞ்சம் விட்ட ஒரு மத்தியானம், துணி காயப்போடுகிற சாக்கில் செங்கம்மாளிடம் போய், குப்பாயிக்குப் பிள்ளைகள் இல்லையா என்று கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு இருந்துச்சி, கலியன்னு. ஒம்பது வயசு. போன தையில படகுலேர்ந்து ஏரியில உழுந்துட்டான். மூணாம் நாளுதான் கரையில ஒதுங்கனான்." செங்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "பாக்க முடியலடீ. நெத்தியில அடி, மூக்கு ஒடஞ்சி, ஒதடு வீங்கி... நண்டு சும்மா உடுமா? கண்ணு ரெண்டும் இல்ல. ஒருத்தரையும் தொட உடாம இவளே ஒக்காந்து தண்ணி ஊத்திக் கழுவனா. அதுக்கப்பறம் ஒரு புள்ளயையும் குளிப்பாட்டப் போவல. பாவம், மனசு மாறட்டுமேன்னுதான் உன் ஊட்டுக்குக் கூட்டியாந்தேன்."

சம்பூர்ணத்தின் கையிலிருந்த துணி சேற்றில் விழுந்தது. எடுக்கவில்லை. வீட்டுக்கு ஓடினாள். தூளியை விலக்கிப் பார்த்தாள். மூக்கு. நெற்றி. உதடு. கண் மட்டும் இன்னும் பழைய கண். கறுப்பாக, ஈரமாக, அவளையே பார்த்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே ராத்திரி பூராவும் விழித்திருந்தாள்.

விடிந்து குப்பாயி வந்தாள். எப்போது தூளியிலிருந்து எடுத்தாள், எப்போது காலில் போட்டாள் என்று தெரியவில்லை. அடுப்படியிலிருந்து சம்பூர்ணம் ஓடி வருவதற்குள் கட்டைவிரல் ரெண்டும் பிள்ளையின் இமைமேல் இருந்தன.

"எம்புள்ளைய இன்னாக்கா பண்ற?"

குப்பாயி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. கன்னமெல்லாம் ஈரம்.

"வேணும்னு பண்ணலம்மா. எம்புள்ள நல்லாகீறப்ப எப்டி இருந்தானோ, அந்த மூஞ்சிய ஒருவாட்டி தொட்டுப் பாக்கணும். அவ்ளோதான் என் ஆச. அது வரமாட்டேங்குது. கடசியா கழுவுன மூஞ்சிதான் கைக்கு வருது. நான் இன்னா பண்ணுவேன் சொல்லு."

சம்பூர்ணம் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். எண்ணெய் வழுக்கியது. "இனிமே இந்த ஊட்டுப் பக்கம் வராத. வந்தா கொலதான் உழும்!" என்று கத்தினாள்.

"சரிம்மா," என்று சொல்லிவிட்டு, மணையைக் கழுவி நிமிர்த்தி வைத்துவிட்டுக் குப்பாயி போனாள்.

மறுநாள் காலையில் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை.

பால் குடித்தது. காலை உதைத்தது. கண் மட்டும் திறக்கவில்லை. "பூள கட்டியிருக்கும்மே. சாய்ந்தரம் பொன்னேரி டாக்டராண்ட தூக்கிக்கினு போலாம்," என்று சொல்லிவிட்டு மணவாளன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சாயந்திரத்துக்கு இன்னும் பத்து மணி நேரம் இருந்தது.

சந்திரகலாவைச் செங்கம்மாள் வீட்டில் விட்டுவிட்டு வந்து, வாசல் கதவைத் தாழ் போட்டாள். கொல்லைப் படலை இழுத்துக் கட்டினாள். வெந்நீர் வைத்தாள். குப்பாயி நீவித்தானே இப்படி ஆச்சு? நான் நீவினால் திரும்பாதா? பெற்றவள் கை இல்லையா இது? மணையில் உட்கார்ந்து கால் நீட்டினாள். பிள்ளையை மல்லாத்திப் போட்டாள். மூக்கு மேட்டின்மேல் விரலை வைத்தாள்.

பழையபடி ஆக்க வேண்டும்.

பழையபடி என்றால் எப்படி?

விரல் நின்றது. சப்பை மூக்கு. வார்த்தை வந்தது, மூக்கு வரவில்லை. கண்ணை மூடி யோசித்தாள். பிறந்த அன்று. துணியில் சுற்றிக் கொடுத்த அன்று. முதல் பால் கொடுத்த அன்று. எல்லாம் ஞாபகம் இருந்தது. துணியின் நிறம்கூட ஞாபகம் இருந்தது. துணிக்குள் இருந்தது இந்த முகம். இதேதான். நெற்றி உள்வாங்கி, உதடு தடித்து. வேறு முகம் எதுவும் வரவில்லை.

அய்யோ, எம்புள்ள எப்படி இருந்தான்?

தண்ணீர் ஊற்றினாள். நீவினாள். மேடு இறங்கவில்லை, ஏறியது. கையை எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. எடுக்கவில்லை. நெற்றிக்குப் போனது கை. வழித்தது. பழகின கை மாதிரிப் போனது. ஏரிச்சேற்று வாடை. எங்கிருந்து? தன் விரலிலிருந்து. ரோட்டில் லாரிச் சத்தம் கேட்கவில்லை. மழை மட்டும். அவள் கண் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்க்க முடியவில்லை. கழுத்து திரும்பவில்லை.

கட்டைவிரல் ரெண்டும் கீழே இறங்கின. இமைமேல்.

மெத்தென்று இருந்தது.

அடியில் ஒன்றும் இல்லை.

தட்டிக்கு அந்தப் பக்கம், மழையில், யாரோ உட்கார்ந்து நகர்கிற சத்தம்.

"அப்டித்தாம்மா," என்றாள் குப்பாயி. "பயப்படாத. மெதுவா."

விரல்கள் இன்னும் இறங்கின. பிள்ளை அழவில்லை. குரல் வந்த பக்கம் மெல்லத் தலையைத் திருப்பி, வீங்கின உதட்டைத் திறந்து, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தது.