மின்சாரம் இல்லாத பின்கதவு

புதன்கிழமை, நவம்பர் 19. காலை 6.40.

ஏரிக்கரை நாணலுக்குள் ஒதுங்கியிருந்த பெண்ணின் உடலை முதலில் பார்த்தவர் மீன் பிடிக்க வந்த ஒருவர். இறந்தவர் நோபுவே. வயது எழுபத்தொன்று. ஐந்து வருடங்களாக ஞாபகம் தேய்ந்துகொண்டே வந்தவர். பனி கலந்த மழை விடாமல் பெய்ததில் கரையில் ஒரு தடமும் மிஞ்சவில்லை.

8.15. இன்ஸ்பெக்டர் ஒகிட்சு, நோபுவேயின் வீட்டில் அவருடைய கணவருக்கு எதிரே உட்கார்ந்தார். முராகோஷி தெய்ச்சி, ஓய்வுபெற்ற தபால்காரர். ஊற்றி வைத்த தேநீரை அவர் தொடவே இல்லை.

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நேத்து ராத்திரி ஏழு மணிக்கு. கஞ்சி குடுத்துப் படுக்க வெச்சேன். காலையில படுக்கை காலி."

"ஏரி ஆறு கிலோமீட்டர் தூரம்."

"முன்னாடியும் ரெண்டு தடவை கிளம்பிப் போயிருக்கா."

"காரை எடுத்துத் தேடலையா?"

"அது நேத்து மத்தியானமே செத்துப்போச்சு. நீங்களே பாருங்க."

கொட்டகையில் சின்ன ஹைபிரிட் கார் நின்றது. ஒகிட்சு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். ஒரு முனகல்கூட இல்லை. காரை வழக்கமாகப் பழுது பார்க்கும் குசாகாவுக்கு போன் செய்தார்.

9.20. பக்கத்து வீட்டு அகுட்சு அம்மாள் வேலியோரம் வந்து நின்றார்.

"நேத்து சாயந்தரம் நாலு மணிக்கு அவங்களைத் தோட்டத்துல பாத்தேங்க. நடக்கறதுக்குப் பிடிச்சுக்கிற தள்ளுவண்டியோட நின்னு முள்ளங்கியோட பேசிட்டிருந்தாங்க. பாவம். அது இல்லாம பத்தடி வைக்க மாட்டாங்க."

அந்தத் தள்ளுவண்டி வீட்டில் இல்லை. ஏரிக்கரையிலும் இல்லை என்று தேடியவர்கள் போனில் சொன்னார்கள்.

10.05. குசாகா கைகளைத் தேய்த்துக்கொண்டு காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"பெரிய பேட்டரி போயிடுச்சா?" என்றார் ஒகிட்சு.

"அது கல்லு மாதிரி இருக்கும் மேடம். காரை இழுக்கிறது பெரிசு, ஆனா அதை எழுப்புறது சின்னது. சின்னது படுத்தா பெரியவரும் படுத்த படுக்கைதான். ஆனா இதைப் போன மாசம்தான் புதுசா மாத்தினேன். சும்மா சாகாதே..." ஸ்டியரிங் பக்கம் கைவிட்டவர் நிறுத்தினார். "விளக்கு சுவிட்ச் போட்டபடியே இருக்கு."

"பின்கதவைத் திறங்க."

"கரண்ட் இல்லாம திறக்காது மேடம். வெளியில சாவித் துவாரமே கிடையாது."

முராகோஷி கொட்டகை வாசலுக்கு வந்து நின்றார்.

குசாகா பானெட்டைத் தூக்கி, தன் வண்டியிலிருந்து வயரைப் பூட்டினார். பின்கதவு 'டக்'கென்று விடுபட்டது. உள்ளே ஒழுங்காக மடித்து வைத்த தள்ளுவண்டி. சக்கரத்தில் ஈரச் சேறு, சேற்றில் நாணல் இலை.

ஒகிட்சு திரும்பினார்.

"மத்தியானமே கார் செத்துப்போச்சுன்னீங்க. நாலு மணிக்கு இந்தத் தள்ளுவண்டி தோட்டத்துல இருந்திருக்கு. கரண்ட் இல்லாம திறக்காத கதவுக்குள்ள அப்புறம் எப்படிப் போச்சு? நாலு மணிக்கு மேலயும் காருக்கு உயிர் இருந்திருக்கு. நீங்கதான் அவங்களை ஏரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க. கார் கொட்டகையை விட்டு நகரவே இல்லைன்னு காட்டறதுக்காக, திரும்பி வந்து விளக்கைப் போட்டு பேட்டரியைத் தீர வெச்சீங்க. தள்ளுவண்டி உள்ள இருக்கறது காலையிலதான் ஞாபகம் வந்திருக்கும். அப்போ கதவு திறக்கல."

முராகோஷி மடித்திருந்த தள்ளுவண்டியைப் பார்த்தார்.

"அதை ஏன் மடிச்சு வெச்சேன்னே தெரியல. ஆஸ்பத்திரிக்குப் போறப்பல்லாம் செய்றதுதான். கை பாட்டுக்கு வெச்சிடுச்சு."

"ஏரியில என்ன நடந்தது?"

"அவதான் பாக்கணும்னா. படகுத்துறையில நின்னோம். திடீர்னு என் கையை உதறினா. 'நீ யாருடா? என் புருஷன் வந்தா உன்னைச் சும்மா விடமாட்டாரு'ன்னு கத்தினா. பின்னாலயே நகர்ந்து தண்ணியில விழுந்துட்டா."

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியும்."

குசாகா தலை குனிந்தபடி வெளியே மழைக்குள் போனார்.

"எவ்வளவு நேரம் அங்க நின்னீங்க?"

"அவ கூப்பிடுறது நிக்கிற வரைக்கும்" என்றார் முராகோஷி. "என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டா."